பேர் பதியும் பொறி

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆளைக் குறிக்கும் பெயர் ஒன்று. ஒரு நாள் வேலைக்குரிய கூலிக்கணக்கு மற்றொன்று. விதித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவருக்கு ஒரு பேர், குறைந்தவருக்கு அரைப்பேர். செக்ரோல் எனத் தோட்டத்தார் வழங்கும் ஏட்டிலே பேர் விழுந்தால்தான் மாத முடிவிலே சம்பளம் கைக்கு வரும்.

பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அப்பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலே கொழுந்து எடுத்தவர்கள் தமிழர். அவர்தம் பெயர்களைத் தாங்கிய ஏடோ ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கில எழுத்திலே லகரமும் ளகரமும் ஒன்று. நகர ணகர னகரங்களுக்கு வேற்றுமை கிடையாது. ழகரத்துக்கு எழுத்தே இல்லை. வள்ளியம்மாள் என்னும் பெயரை ஒரு லிகிதர் ‘வீ’ என்னும் எழுத்தால் தொடங்குவார். அவருக்குப் பின் வந்தவர் ‘டபிள்யூ’வால் தொடங்குவார். ஒருவர் இறுதி மெய்யைச் சேர்ப்பார், மற்றவர் விட்டுவிடுவார். பிறப்பைப் பதிந்தவர் சிங்களம் மட்டுமே எழுத அறிந்தவராயின், தம் காதில் விழுந்தவாறு மூன்றாவது பெயர் ஒன்றை எழுதிவைப்பார்.

இளமையில் இதனால் பெரிய இடர் எதுவும் நேர்வதில்லை. இடர் முதுமையிலே வருகிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ்ச் சேர்ந்த பணத்தைப் பெறச் செல்லும் பெண்ணிடம், நிதி ஏட்டில் உள்ளவளும் அடையாள அட்டையில் உள்ளவளும் ஒருத்தியா என்ற வினா எழுகிறது. தான் தான்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்த பின்னரே அவளது பணம் அவளைச் சேரும். கந்தோரின் எழுதுபொறி அவள் பெயரை அவள் மொழியிலே எழுதக் கற்றிருந்தால் இவ்வினாக்களிற் பாதியேனும் எழுந்திரா.

அப்பொறி தமிழ் கற்ற கதை நீண்டது. அக்கதைக்குள் புகுமுன், எந்த எழுதுபொறியும் எவ்வாறு செம்மையுற்றது என்பதை அறிதல் நன்று. அமெரிக்க நாட்டிலே கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பார் 1868ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிக்கு உரிமை பெற்றார். அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் டென்ஸ்மோர், செய்த பொறிகளை வாஷிங்டனில் இருந்த ஜேம்ஸ் கிளெஃபேன் என்னும் சுருக்கெழுத்தாளருக்குச் சோதனைக்கு அனுப்பினார். கிளெஃபேன் அவற்றை இரக்கமின்றிப் பயன்படுத்தினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பொறிகள் உடைந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றப்பட்டியல் வந்து சேர்ந்தது. ஷோல்ஸ் சினங்கொண்டார். டென்ஸ்மோரோ, இக்குறைகளைப் பொறி விலைக்குப் போகுமுன் அறிவதே நன்மை என்று அவரைத் தேற்றினார். 1874ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்கத் தொடங்கிய பொறி, சுருக்கெழுத்தாளரின் கையால் அவ்வாறு அடிபட்டுத் தேறிய பொறியே. இன்று ‘பீட்டா’ப் பதிப்பு என்று மென்பொருளாளர் கூறுவதும் இம்முறையைத்தான். ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பொறிகளுக்கு நடத்திய ஏ சோதனை, பீ சோதனை என்ற வழக்கிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர்.

தமிழுக்குத் தட்டச்சு அமைத்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிலே பிறந்த இரா. முத்தையா. மலாயாவுக்குச் சென்று சிங்கப்பூரிலே வணிக நிறுவனம் ஒன்றில் அலுவல் பார்த்தவர் அவர். ஆங்கிலப் பொறியை நாள்தோறும் கையாண்டு அதன் நன்மை தீமைகளை விரலால் அறிந்தவர். 247 எழுத்துகளை நாற்பது சொச்சம் விசைகளுள் அடக்குவது எங்ஙனம்? கொம்பையும் காலையும் தனித்தனி விசையாக்கினார். புள்ளிக்கும் விசிறிக்கும் நகரா விசை வேண்டியிருந்தது: அவ்விசையைத் தட்டினால் குறி பதியும், தாள் நகராது; அதன்பின் தட்டும் மெய் அக்குறியின் கீழே வந்து அமரும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த தொழிற்சாலையிலே அப்பொறிகள் வார்க்கப்பட்டன. விசைப்பலகை அமைப்பிலே முத்தையா காட்டிய நுட்பம், பின்னர்க் கணினி வந்த போதும் பழகிய விரல்களை விட்டு அகலவில்லை.

1990களிலே கணினி கந்தோர்களுக்கு வந்தபோது தமிழ் உள்ளே வந்ததுபோலத் தோன்றியது. உண்மையில் அது வேடம். இலங்கையிலே பெருவழக்காயிருந்த பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்று திரையிலே தெரிவது, கணினியின் உள்ளே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. கொழும்பில் அடித்த கடிதம் பதுளைக் கச்சேரியின் கணினியிலே திறக்கப்படும்போது, அங்கே அவ்வெழுத்துரு இல்லையாயின் வேடம் கலைந்துவிடும். வாசிக்கவொண்ணாத ஆங்கிலக் குவியலே எஞ்சும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வேடம் புனைந்தது வேறு. 1999ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு, இக்குழப்பத்துக்கு முடிவு காண முயன்ற அவைகளுள் குறிப்பிடத்தக்கது.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 முதலாகக் கணினியின் அடித்தளமே அதனை ஏற்றது. இலங்கையும் 2008ஆம் ஆண்டில் தமிழ்க் குறியீட்டுக்கு 1326ஆம் இலக்கத் தரத்தை வகுத்தது. வேடம் ஒழிந்தது, ஆயினும் தொல்லை ஒழியவில்லை.

கௌரி என்னும் பெயரைக் காண்க. கொம்பும் அதற்குரிய சிறகும் சேர்ந்த ஔகாரக் குறியால் எழுதுவது முறை. தட்டச்சிற் பழகிய ஒருவர் கொம்பிட்டுக் ககரமிட்டு, அதன் பின் ளகரத்தை இடுவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பெண்கள். பெயரைத் தேடினால் அத்தகைய ஆள் இல்லை என்று அது கூசாமற் சொல்லும். ஸ்ரீ என்னும் எழுத்துக்கும் இதே கதிதான். முன்னர் அது ஸகரத்தைக் கொண்டு குறிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் ஒருங்குறியிலே வேறொரு சகரம் சேர்ந்தபின் அதனைக் கொண்டும் குறிக்கப்பட்டது. ஸ்ரீதரன் ஒருவரே இரு ஆளாயினார்.

அகர வரிசை இன்னொரு தொல்லை. ஒருங்குறி அட்டவணையிலே னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அட்டவணை எண்ணை மட்டுமே நம்பிய மென்பொருள் முத்தம்மா, முனியம்மா, முருகாயி என்று வரிசைப்படுத்தும். தமிழ்ப் பிள்ளை எவரும் முருகாயிக்குப் பின்னரே முனியம்மாவைத் தேடுவர். தமிழுக்குரிய வரிசை விதிகள் பின்னர் மென்பொருள்களிலே சேர்க்கப்பட்டன. அவை சேர்ந்தனவா, எல்லா இடத்தும் வேலை செய்கின்றனவா என்பதைப் பெயர்ப்பட்டியலை உண்மையாகவே அடுக்கிப் பார்ப்பவரே காண்பர்.

கந்தோர் மென்பொருள்களுள் எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தக்கூடியவை தமிழுக்குப் பேருதவி செய்தன. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே இந்திய அரசு சென்னையில் வெளியிட்ட தமிழ்க் குறுவட்டிலே அத்தகைய மென்பொருளும் இருந்தது. 2010ஆம் ஆண்டில் லிப்ரே ஆபிஸ் என்னும் தொகுதி தோன்றியது. அதனைப் பேணும் அறக்கட்டளை பெர்லின் நகரிலே உள்ளது. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் முழுமை பெறுமுன் சோதனைப் பதிப்பாக வெளிவருகிறது. வழுவைக் கண்டவர் எவராயினும் எழுதி அறிவிக்கலாம். எழுதும் முறை எளிது. பதிப்பின் இலக்கம் யாது, எந்த விசைகளை எந்த ஒழுங்கிலே தட்டினோம், எதிர்பார்த்தது யாது, நேர்ந்தது யாது என்பவற்றைச் சொல்லி, வழுவைக் காட்டும் சிறிய கோப்பு ஒன்றை இணைத்தல் வேண்டும். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்ற ஒற்றை வரியால் எவருக்கும் பயனில்லை. கிளெஃபேனின் பட்டியல்கள் பயன்பட்டது, அவை இன்ன உறுப்பு இன்னவாறு உடைந்தது என்று கூறியமையாலேயே.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. பின்னர் வெளியான வர்த்தமானி அறிவித்தல்களால் ஹாலிஎலப் பிரதேச செயலாளர் பிரிவு இரு மொழியிலும் நிருவாகம் நடத்த வேண்டிய பிரிவுகளுள் ஒன்றாயிற்று. சட்டம் அவ்வளவே செய்யும். தமிழில் விண்ணப்பம் பெற்று, தமிழில் பட்டியல் அடுக்கி, தமிழில் பெயர் தேடும் வேலை அன்றாடம் நடக்குமாயின் வழுக்கள் தாமே வெளிவரும். வேலை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடந்து, தமிழ்ப் படிவம் பெட்டகத்திலே உறங்குமாயின், மென்பொருளின் தமிழ் வழு எதுவும் எவர் கண்ணிலும் படாது. படாத வழுவைப் பெர்லினில் உள்ளவர் திருத்துவது எங்ஙனம்? முனியம்மா எங்கே நிற்கவேண்டும் என்பதை அவருக்கு அறிவிக்க வல்லவர், அப்பெயரை நாள்தோறும் தேடும் லிகிதர்.

ஒன்றை மட்டும் லிகிதர் மறத்தலாகாது. சோதனைப் பதிப்பு சோதனைக்கே உரியது. அதனைத் தனிக் கணினியிலே நிறுவி, ஏட்டின் நகலைக் கொண்டே பழகிப் பார்த்தல் வேண்டும். சம்பளப் பட்டியலின் மூலத்தை அதிலே திறக்கலாகாது. அங்கே ஒரு வரி அழிந்தால் அழிவது ஒருவருடைய பேர்.