தாய்மையும் மாதவிடாய் ஓய்வும்: மூளையின் மாற்றங்கள்

கர்ப்ப காலத்தில் பெருகி, பிரசவத்தின் பின் சடுதியாகத் தாழ்ந்து, 50 வயதையொட்டி மிகவும் குன்றிவிடும் ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பு, கர்ப்பாசயத்தைப் போலவே மூளையையும் ஆளுகின்றது. பார்சலோனாவில், முதன்முறை தாயாகும் ஸ்திரீகளின் மூளையைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, பிறர் மனத்தை உணர்தற்குரிய பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் சுருங்குவதையும், அது குறைந்தது 2 ஆண்டுகள் நீடிப்பதையும் காட்டிற்று. ஞாபகசக்தி குன்றியதாக அங்கே காணப்படாமையால், இதனைச் சேதமென்னாது சீரமைப்பென்று கொள்வதே நியாயம்.

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் இல்லங்களில், 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை சரக்குக்கறியாலும் வெந்நீர்க் குளிப்பாலும் தாயின் சரீரத்தைப் போற்றும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தப் பரிவு அவள் மனத்துக்கும் வேண்டும்: இரு வாரங்களைக் கடந்தும் துக்கமும் நித்திரையின்மையும் தொடருமாயின், அது பிரசவத்தின் பின்னான மனச்சோர்வாதல் கூடும், வீடு தேடிவரும் மருத்துவமாதிடம் அதனைக் கூசாது சொல்லுதல் அவசியம்.

மாதவிடாய் ஓயும் பருவத்தில், மூளையின் உஷ்ணச் சமநிலை குலைவதால் திடீர் வெப்பமும் வியர்வையும், சிலருக்கு மறதியும் தோன்றும். மறதி பெரும்பாலோருக்குப் பின்னர் தணியும். இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயது கடந்த பெண்களைப் பரிசோதிக்கின்றன; வெப்பம் மிக வருத்துமாயின் வைத்தியரின் ஆலோசனைப்படி ஹோர்மோன் சிகிச்சையும் பெறலாம்.