களப்பின் நலத்தைச் சொல்லும் சேற்றுப் புழுக்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவன் நான். மீன்கள் செத்து மிதக்கும் நாட்களில் போத்தலில் நீர் அள்ளிச் சென்று பரிசோதிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த நீர் அள்ளிய நேரத்தின் நிலையை மட்டுமே சொல்லும். ஒரு பெருமழை பெய்தாலோ, முகத்துவாரம் வெட்டப்பட்டாலோ அழுக்கு கடலுக்குப் போய்விடும்.

அப்படிப் போக முடியாதவை அடிச்சேற்றில் வாழும் முள்ளந்தண்டிலிகள். கடற்புழுக்கள், மட்டிகள், நத்தைகள், சிறு ஓட்டுயிரிகள் ஆகியன மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில், ஒரே இடத்தில் வாழ்கின்றன. நேற்று வந்த கழிவும் சென்ற பருவத்தில் வந்த கழிவும் அவற்றின் எண்ணிக்கையில் தெரியும்.

கழிவு கூடினால் சேற்றில் ஒட்சிசன் குறையும். சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆழமாக வளை தோண்டும் பெரிய உயிரினங்கள் முதலில் மறையும். கப்பிற்றெல்லா போன்ற சிறு புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகும். கழிவு மேலும் கூடினால் அவையும் இரா. பியர்சன், றோசன்பேர்க் என்போர் 1978இல் இந்த வரிசையை விளக்கினர்.

செய்முறை எளிது. குறித்த பரப்பளவுச் சேற்றை அள்ளி, 0.5 அல்லது 1 மில்லிமீற்றர் அரிதட்டில் கழுவி, எஞ்சும் உயிர்களை இனம் பிரித்து எண்ண வேண்டும். 2000ஆம் ஆண்டு ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஆய்வாளர் போர்ஹாவும் சகாக்களும் வெளியிட்ட ‘அம்பி’ சுட்டெண், உயிரினங்களைத் தாங்குதிறன்படி ஐந்து குழுக்களாக்கி 0 முதல் 6 வரை புள்ளியிடுகிறது. உயிரே இல்லாத சேற்றுக்கு 7.

ஓர் எச்சரிக்கை அவசியம். கழிமுகத்தில் உப்புத்தன்மை ஓயாமல் மாறுவதால், மாசில்லாத இடத்திலும் இனங்கள் குறைவாகவே இருக்கும். இனங்கள் குறைவு என்பதற்காகவே மாசு என்று முடிவுகட்டக்கூடாது. ஒத்த உப்புத்தன்மையுள்ள இடங்களையே, அதே பருவத்தில் ஒப்பிட வேண்டும்.

அதே பாஸ்க் பகுதியின் பில்பாவோ கழிமுகத்தின் உட்பகுதிச் சேறு 1980களின் இறுதியில் உயிரற்றுக் கிடந்தது. கழிவுநீருக்கு உயிரியல் சுத்திகரிப்பு 2001இல் தொடங்கிய பின்னர் புழுக்களும் மட்டிகளும் திரும்பின. ஆண்டுதோறும் எண்ணிவந்ததால்தான் அந்த மீட்சியை நிரூபிக்க முடிந்தது.

நமது வாவியிலும் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும், அதே இடங்களில், ஆண்டுதோறும் எண்ண வேண்டும். மீன் செத்த பிறகு தொடங்கினால், முன்பு என்ன இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்காது.