வீட்டில் காய்ச்சிய டீசல்

1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறு டீசல் யந்திரம் நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு ஓடியது என்றும், அது வெகு சீராக ஓடியதால் அந்த விசேஷத்தை அறிந்தவர் மிகச் சிலரே என்றும், யந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே 1912இல் எடுத்துரைத்திருக்கிறார். தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஏராளமாய் விளையும் கடலையிலிருந்தே அங்குள்ள யந்திரங்களை இயக்கலாகாதா என்று பிரெஞ்சு சர்க்கார் யோசித்ததன் பலனே அப்பரிசோதனை.

ஆயினும் தாவர எண்ணெய், டீசலைக் காட்டிலும் சுமார் பத்து மடங்கு குழகுழப்பானது. நாளடைவில் யந்திரத்துக்குள் கரி படியச் செய்வது. இத்தோஷத்தை நீக்கும் மார்க்கத்தை பிரஸ்ஸல்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சவான் என்பவர் கண்டு, எண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து இலேசாக்கும் முறைக்கு 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி பெல்ஜியத்தில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே, பனை எண்ணெயிலிருந்து அவ்வாறு செய்த எரிபொருளைக் கொண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ் ஓடியது. பின்னர் பெட்ரோலியம் மலிந்த காலத்தில் உலகம் இதை மறந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் மீண்டும் நினைவுகூர்ந்தது.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டுச் சாமானியர் பலர், உணவு விடுதிகள் பொரித்து ஒதுக்கிய எண்ணெயை வாங்கிவந்து, பயோடீசல் எனப்படும் இவ்வகை எரிபொருளைத் தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே காய்ச்சத் தலைப்பட்டனர். எண்ணெய் பெரும்பாலும் இனாமாகவே கிடைத்தது. அதன் பின்னர் வேண்டியிருந்த பிரயத்தனமோ சாமானியமானதன்று. விடுதி விடுதியாய்ச் சென்று சேகரித்து, பொரியல் துணுக்குகளை வடிகட்டி, நீர்ப்பசை அறச் சுடவைத்து, அதிலுள்ள அமிலத்தின் அளவைச் சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுச் சோதித்தறிய வேண்டும். இதற்கென்றுள்ள ரசாயனம் கைவசமில்லாத சிலர் மஞ்சளையே பயன்படுத்தினர். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதுபோல, காரம் மிகுந்த கணத்தில் அதுவும் சிவந்து காட்டும். பிறகு லிட்டர் எண்ணெய்க்கு ஐந்திலொரு பங்கு மெத்தனாலும், சில கிராம் காஸ்டிக் சோடாவும் அளந்து, கழித்துப்போட்ட வெந்நீர்க் கொதிகலனொன்றில் 55 டிகிரிச் சூட்டில் ஓரிரு மணி நேரம் சுழலவிடுவார்கள். மெத்தனாலின் ஆவி கண்பார்வையையும் உயிரையும் மாய்க்கக்கூடியது. காஸ்டிக் சோடா தோலை வெந்துபோகச் செய்வது. ஆகவே கவனத்தில் க்ஷணமும் தளர்ச்சி கூடாது.

ஓர் இரவு கடந்தபின் பழுப்பு நிறக் கிளிசரின் அடியில் தங்கும். அதை வடித்து, மேலே நின்ற திரவத்தை, அலம்பிய நீர் தெளிவாகும்வரை இரண்டு மூன்று முறை அலம்பி, நீர் பிரியக் காத்திருந்து, கலங்கல் தீர உலர்த்த வேண்டும். காரத்தின் அளவு பிசகினாலும், அல்லது தொடக்கத்தில் எண்ணெயில் ஈரம் எஞ்சியிருந்தாலும், சோப்பு உண்டாகி அத்தனையும் கெட்டுவிடக்கூடும். ஒரு நாள் காய்ச்ச, ஒரு நாள் தெளிய, ஒரு நாள் அலம்பி உலர்த்த என்று காலம் கழியும்.

எனவே இந்த எரிபொருளை மலிவானது என்று புகழ்பவர்கள், மெத்தனாலுக்கும் சோடாவுக்கும் ஆகும் செலவை எழுதுமுன், காய்ச்சியவரின் நாட்களைக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளட்டும். அந்நாட்களை மனமுவந்து கொடுத்தவர்களாலேயே இக்கைத்தொழில் வளர்ந்தது.