சிறுவனும் குற்றமும்

சங்கரன்கோவிலில் ஓர் ஆடித் தபசு நாளன்று, கூட்டத்தில் ஒருவருடைய பணப்பையை எடுக்க முயன்ற சிறுவன் அகப்பட்டுக்கொண்டான். பத்து வயதுக்கு மேல் இராது. "திருட்டுப் பயல்!" என்று நாற்புறமும் கூச்சல் எழுந்தது, நானும் அதில் சேர்ந்துகொண்டேன். பூ விற்கும் மூதாட்டி ஒருவர் மட்டும், "ஏலே, எப்போ சாப்பிட்டே?" என்று கேட்டார்.

மாணவ நண்பர்களே! இவ்விரு குரல்களுக்கும் இடையே நடந்துவரும் வழக்கே இளங்குற்றவாளிகளைப் பற்றிய நம் சட்டங்களின் வரலாறு.

ஒரு காலத்தில், பிடிபட்ட சிறுவனும் கைதேர்ந்த கள்வனும் ஒரே சிறையில் கிடந்தனர். சிறுவன் அங்கே கற்றது கள்வனின் தொழிலைத்தான். இத்தீங்கைக் களையவே 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. செங்கற்பட்டில் அத்தகைய பள்ளியொன்று எழுந்தது.

1920இல் இயற்றப்பெற்ற சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்திய மாகாணங்களில் முதலாவது என்பது நமக்குப் பெருமை. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அவ்வழியில் நடந்தன. சிறுவர் வழக்குகளைத் தனியே விசாரிக்க வேண்டும் என்ற நெறி அதனால் வேரூன்றியது. ஆயினும் அதில் ஒரு குறையும் இருந்தது. திருடிய பிள்ளையும் திக்கற்று அலைந்த பிள்ளையும் ஒரே வகைப் பள்ளிக்கு அனுப்பப்படலாயினர். வறுமையைத் துடைக்க வந்த சட்டம், வறுமைக்கே குற்றத்தின் சாயலைத் தந்துவிட்டது. சற்று வளர்ந்த இளைஞர்களுக்கென 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் பாளையங்கோட்டையிலேயே போர்ஸ்டல் பள்ளி நெடுங்காலம் நடந்தது.

1986இல் ஏறத்தாழ நாடு முழுமைக்கும் சிறார் நீதிச் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டமோ பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் சிறாராகக் கொண்டு, "குற்றவாளி" என்னும் சொல்லையே விலக்கி, "சட்டத்துடன் முரண்பட்ட சிறார்" என்றது. 2012இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமை நாட்டை உலுக்கியபின், 2015ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயது நிரம்பியோர் மிகக் கொடிய குற்றம் புரிந்தால், மனமுதிர்ச்சியை ஆராய்ந்து, வயதுவந்தோராக விசாரிக்க வழிவகுத்தது. அது தகுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பாதிக்கப்பட்டோரின் கண்ணீரை நாம் மறத்தல் ஆகாது. அதற்காகச் சிறுவன் திருந்தும் வாயிலை அடைத்துவிடுவதும் முறையன்று.

சட்டம் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. நம் நாவோ இன்னும் மாறவில்லை. அன்று அச்சிறுவன் மூதாட்டிக்கு அளித்த விடை எனக்குக் கேட்கவில்லை. எங்கள் கூச்சல் அவ்வளவு பெரிதாயிருந்தது. பிடிபட்ட பிள்ளையைக் காணுங்கால், தீர்ப்புக்கு முன் அவ்வினாவை நீங்கள் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.