தைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவர்: செயின்ட் மைக்கேல் லேபிளின் கதை

ஒரு சட்டையின் கழுத்துப் பகுதியில் சிறிய துணித்துண்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள பெயர் சட்டையைத் தைத்தவருடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. யாரோ ஒரு ஆலையில் தைத்த உடையை வாங்கி, தன் பெயரை ஒட்டி விற்கும் கடைக்காரரின் பெயர்தான் அது. இந்த முறையை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியது இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம்.

ஒரு பென்னிக் கடை

இன்றைய பெலாரஸ் நாட்டில் உள்ள ஸ்லோனிம் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்த யூதர் மைக்கேல் மார்க்ஸ். 1884-ல் லீட்ஸ் நகரத்துச் சந்தையில் ஒரு சிறு கடை போட்டார். ஆங்கிலம் சரியாகப் பேச வராது. பேரம் பேசுவதைத் தவிர்க்க ஒரு வழி கண்டார். எல்லாப் பொருளுக்கும் ஒரே விலை. "விலை கேட்காதீர்கள், ஒரு பென்னிதான்" என்று பலகை வைத்தார். 1894-ல் தாமஸ் ஸ்பென்சர் கூட்டாளியாகச் சேர்ந்தார்.

அப்போது அது துணிக்கடை அல்ல. ஊசி, நூல், பொம்மை, பாத்திரம் என்று பலவும் விற்ற கடை. மைக்கேலின் மகன் சைமன் மார்க்ஸ் காலத்தில்தான் ஆடைகள் முக்கிய இடத்துக்கு வந்தன.

தரகரைத் தாண்டி

அந்நாளில் ஆலைக்காரர் மொத்த வியாபாரிக்கு விற்பார், மொத்த வியாபாரி கடைக்காரருக்கு விற்பார். இடையில் இருப்பவரின் லாபம் விலையில் ஏறும். ஆலையிலிருந்து நேரடியாக வாங்கினால் நல்ல துணியைக் குறைந்த விலைக்குத் தரலாம் என்று சைமன் மார்க்ஸ் கணக்குப் போட்டார். மொத்த வியாபாரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள ஆலைக்காரர்களும் பயந்தார்கள். 1926-ல் லெஸ்டர் நகரத்தின் பெரிய பின்னலாடை ஆலையான கோரா துணிந்து ஒப்புக்கொண்டது.

கோரா ஆலைக்கு 'செயின்ட் மார்கரெட்' என்று சொந்த முத்திரை இருந்தது. அதைப் போலவே தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கடைக்காரர்கள் எண்ணினார்கள். நிறுவனர் மைக்கேலின் பெயரை நினைவூட்டும் வகையில் 'செயின்ட் மைக்கேல்' என்ற முத்திரை 1928-ல் பதிவு செய்யப்பட்டது. 1950-களில் அந்தக் கடைகளில் விற்ற ஏறத்தாழ எல்லாப் பொருளும் இந்த ஒரே பெயரில்தான் இருந்தன.

பெயர் எப்படி வளர்ந்தது?

வெறும் லேபிள் மாற்றியதால் இது நடக்கவில்லை. நிறுவனம் 1930-களிலேயே சொந்தமாகத் துணிப் பரிசோதனைக் கூடம் வைத்தது. எந்த நூல், எந்தச் சாயம், எப்படித் தைக்க வேண்டும் என்பதையெல்லாம் கடையே ஆலைக்குச் சொன்னது. பிடிக்காத உடையைத் திருப்பித் தந்தால் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை மக்களிடம் இருந்தது. அதனால்தான் நீண்ட காலம் விளம்பரமே பெரிதாகச் செய்யாமல், உடையைப் போட்டுப் பார்க்க அறை கூட வைக்காமல் வியாபாரம் நடந்தது. பொருள்களில் பெரும்பகுதி பிரிட்டனில் தயாரானது என்பதும் பெருமையாகச் சொல்லப்பட்டது.

ஆலைகளுக்கும் இது வசதிதான். வருடா வருடம் நிச்சயமான ஆர்டர். விளம்பரச் செலவு இல்லை. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. வாடிக்கையாளருக்கு ஆலையின் பெயரே தெரியாது. தெரிந்ததெல்லாம் செயின்ட் மைக்கேல் மட்டுமே.

கைகுலுக்கலின் விலை

1998-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் ஆண்டு லாபம் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. பிரிட்டனில் வேறெந்தக் கடை நிறுவனமும் அதுவரை தொடாத உயரம் அது. உடனேயே சரிவும் தொடங்கியது. பிற நாடுகளில் மலிவாகத் தைத்து விற்ற போட்டியாளர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. செலவைக் குறைக்க உள்நாட்டு ஆலைகளைக் கைவிடும் நிலை வந்தது.

சுமார் 30 ஆண்டுகள் உடைகள் தைத்துக் கொடுத்த பெயர்ட் நிறுவனத்திடம் 1999 அக்டோபரில், நடந்துகொண்டிருந்த பருவத்தோடு கொள்முதல் முடிந்தது என்று சொல்லப்பட்டது. பெயர்ட் நீதிமன்றம் போனது. இத்தனை ஆண்டு உறவே ஓர் ஒப்பந்தம்தான் என்று வாதிட்டது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவ்வளவு வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்று நீண்டகால உறுதி எதையும் இரு தரப்பும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமல் விட்டதே வழக்கைத் தோற்கடித்தது. பெயர்ட் ஆலைகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். முதலில் துணிந்து வந்த கோராவோ அதற்கு முன்பே சிதைந்து போயிருந்தது.

செயின்ட் மைக்கேல் என்ற பெயரும் தப்பவில்லை. 2000-ல் அது ஒதுக்கப்பட்டு, கடையின் பெயரே லேபிளானது.

நமக்கு என்ன?

திருப்பூரில் தைக்கப்படும் பனியன்களில் பெரும்பங்கு இன்றும் வெளிநாட்டுக் கடைகளின் பெயரைத் தாங்கித்தான் கப்பல் ஏறுகிறது. ஆர்டர் வரும் வரை தறியும் தையல் இயந்திரமும் ஓடும். அந்த ஆர்டர் நாளை வேறு நாட்டுக்குப் போனால் திருப்பூர் தொழிலாளியைத் தேடி எந்த வாடிக்கையாளரும் வரமாட்டார். சொந்தமாக ஒரு பெயரை வளர்ப்பதும், குறைந்தபட்சம் கொடுத்த வாக்கை எழுத்தில் வாங்கி வைப்பதும் ஏன் அவசியம் என்பதற்கு லெஸ்டரின் காலி ஆலைகளே சாட்சி.