வீடே மருத்துவமனையானபோது: காசநோய் வரலாற்றில் சென்னை எழுதிய ஏடு

குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் அவரோடு வீடு முழுவதும் நோயுறுகிறது. அடுப்பு எரிவதும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும் வாடகை கொடுப்பதும் அந்த ஒருவரின் உடல்நலத்தோடு பிணைந்து கிடப்பதே இதற்குக் காரணம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் வடசென்னையில் இவ்வுண்மை இன்னும் கூர்மையானது. எனவே ஏழைக் குடும்பங்களில் நோயாளியின் முன் எப்போதும் ஒரு கொடிய கேள்வி நிற்கிறது: உடலைக் கவனிக்க வீட்டைக் கைவிடுவதா, வீட்டைக் காக்க உடலைக் கைவிடுவதா? இக்கேள்விக்கு உலகமே செவிமடுத்த ஒரு விடை சற்றேறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் சென்னை நகரிலிருந்துதான் பிறந்தது. நம்மில் பலர் அறியாத அந்த வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

நெருக்கடியான வீடுகள்

இராயபுரம் என்னும் பெயரிலேயே புனித இராயப்பர் இருக்கிறார் என்று நம் முன்னோர் சொல்லி வந்துள்ளனர். கடலை நம்பி வாழ்ந்த மக்களின் ஊராக இருந்த அப்பகுதி, 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் அங்கிருந்து புறப்பட்டபோது புதிய காலத்திற்குள் நுழைந்தது. பின்னர்த் துறைமுகம் வளர்ந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் எழுந்தன. வேலை தேடி வந்தோர் பெருகினர். குடியிருக்கும் இடம் பெருகவில்லை. ஒரே அறையில் சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்புமாகப் பல குடும்பங்கள் காலம் தள்ளின.

காற்றோட்டமற்ற நெருக்கமான வீடும் குறைந்த உணவும் சேர்ந்த இடம் காசநோய்க்கு ஏற்ற இடம். முன்னாளில் இதனைச் சயரோகம் என்றும் என்புருக்கி என்றும் அழைத்தனர். நோயாளி இருமும்போது கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அக்காற்றை நெடுநேரம் சுவாசிப்பவரை அவை பற்றுகின்றன. நோயாளியின் தட்டும் தம்ளரும் இந்நோயைப் பரப்புவதில்லை. எனினும் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் மறையவில்லை.

இப்பகுதி மக்களுக்கு நோயென்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டான்லி மருத்துவமனை. பழைய தலைமுறையினர் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததால் ஏற்பட்ட பெயர் அது. பசியும் நோயும் உடன்பிறந்தவை என்பதை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சானடோரியத்தின் காலம்

1882 மார்ச் 24 அன்று ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். காரணம் தெரிந்தது, மருந்து கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மருத்துவ உலகம் நம்பியவை மூன்று: தூய காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு. இம்மூன்றையும் தருவதற்கென ஊருக்கு வெளியே அமைக்கப்பட்ட மருத்துவ இல்லங்களே சானடோரியங்கள். ஐரோப்பாவில் 1850-களில் ஹெர்மன் பிரெமர் தொடங்கிய இம்முறை நம் நாட்டிற்கும் வந்தது. மதனப்பள்ளிக்கு அருகே கிறிஸ்தவ மறைப்பணிச் சபைகள் ஒன்றிணைந்து ஆரோக்கியவரத்தை உருவாக்கின. சென்னைக்கு அருகே 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார்; 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 'தாம்பரம் சானடோரியம்' என்று புறநகர் இரயில் நிலையத்தில் இன்றும் நாம் படிக்கும் பெயர் அந்நாளின் நினைவுச்சின்னமே.

இவ்வில்லங்களில் தொண்டாற்றியோரின் அருளன்பை நாம் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் சானடோரியத்திற்குச் செல்வது என்பதன் பொருளை ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள், அவர் வீட்டில் இருக்கமாட்டார். அந்நாள்களில் அடுப்பை எரியவைப்பது யார்? நோயுற்றவர் தாயாக இருந்தால் கைக்குழந்தையை வளர்ப்பது யார்? திரும்பி வரும்போது அவருக்கு வீட்டில் பழைய இடம் இருக்குமா? இக்கேள்விகளுக்கு அஞ்சியே இருமலை மறைத்து, இரத்தம் உமிழும்வரை வேலைக்குச் சென்றோர் உண்டு. மேலும் நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் சில ஆயிரங்களே இருந்தன. விரும்பியவருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதே மெய்ந்நிலை.

193 பேர் சொன்ன சாட்சியம்

1944-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், அதனை அடுத்துப் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோநியாசிட்டும் பயன்பாட்டுக்கு வந்தன. கிருமியையே தாக்கும் மருந்து கையில் கிடைத்துவிட்டது. அப்படியானால், இம்மருந்தை வீட்டிலிருந்தே உண்டால் போதாதா? தூய காற்றும் ஓய்வும் ஊட்டமும் இல்லாத ஏழை வீட்டில் மருந்து வேலை செய்யுமா?

இதற்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. ஆங்கிலேய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். இந்திய மருத்துவர்களும் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் உடன் உழைத்தனர்.

நகரின் ஏழை மக்களிடையே நோய் உறுதி செய்யப்பட்ட 193 பேர் ஆய்வில் இடம்பெற்றனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் வசதியோ முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற முறையில் அது தீர்மானிக்கப்பட்டது. நோய் குறைந்தவரை வீட்டிற்கும் முற்றியவரை சானடோரியத்திற்கும் அனுப்பிவிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும் அன்றோ? இரு சாராருக்கும் அதே ஐசோநியாசிட், அதே பாஸ், அதே ஓராண்டுக் காலம்.

மற்றவை எல்லாம் வேறாக இருந்தன. சானடோரியத்தில் இருந்தோர் நல்லுணவு உண்டனர், ஓய்வு கொண்டனர், செவிலியரின் பார்வையில் இருந்தனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான அறைகளிலேயே வாழ்ந்தனர். அவர்களுடைய உணவு மிகவும் குறைந்தது. பலர் வேலையையும் வீட்டுப் பணிகளையும் முற்றாக விட்டுவிட இயலாதவர்கள். ஓராண்டின் முடிவில், சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினரிடம் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினரிடம் அடங்கியிருந்தது. உடல் எடை சானடோரியத்தில் இருந்தோருக்கே மிகுதியாகக் கூடியது. ஆயினும் நோயை வெல்வதில் இரு சாராருக்கும் இடையே இருந்த வேற்றுமை சிறியதே. 1959-இல் இம்முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. நோயை வென்றது பெரும்பாலும் மருந்தே என்பது தெளிவாயிற்று.

ஆனால் குடும்பத்தாரின் அச்சம் வேறு. 'அவர் பிழைப்பார், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால்?' இதனையும் ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. இரு சாராரின் வீட்டாரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்தனர். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் அவ்வீட்டாருக்கு நோய் மிகுதியாக வரவில்லை என்று கண்டனர். நோய் தொற்றும் பேராபத்து, அது கண்டறியப்படுவதற்கு முன்னரே, மருந்து தொடங்காத நாள்களிலேயே பெரிதும் நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே பிள்ளைகளைக் காப்பாற்ற விரும்பும் தந்தை செய்யவேண்டியது விரைந்து சளிப் பரிசோதனைக்குச் செல்வதாகும். குடும்பத்தின் மீதுள்ள அன்பினால் நோயை மறைப்பவர், தாம் காக்க நினைக்கும் அக்குடும்பத்தையே ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

வீட்டின் மீது விழுந்த பொறுப்பு

இந்நற்செய்திக்கு மறுபக்கமும் உண்டு. சானடோரியத்தில் செவிலியர் செய்த வேலையை இனி வீடு செய்யவேண்டும். பாஸ் மருந்தைக் கிராம் கணக்கில் நாள்தோறும் விழுங்க வேண்டியிருந்தது. அது வயிற்றைப் புரட்டும். இரண்டு மூன்று மாதங்களில் இருமல் நின்று பசி எடுத்ததும் நோயாளிக்குத் தோன்றும் எண்ணம் இயல்பானது: 'இனி எதற்கு மருந்து?' நலம் பெற்றதாக உணரும் அந்நாளே ஆபத்தான நாள். கிருமிகள் முற்றிலும் அழியுமுன் மருந்தை விட்டால் நோய் மீளலாம். மருந்துக்குக் கட்டுப்படாத வலிமையோடும் மீளலாம்.

சென்னை ஆய்வாளர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். பிறகு, வாரத்தில் இருமுறை பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் ஆய்ந்து, அது பயன் தருவதை 1964-இல் வெளியிட்டனர். பின்னாளில் உலகெங்கும் பரவிய 'நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை'யின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது. 1962-இல் தொடங்கிய நம் நாட்டின் தேசியக் காசநோய்த் திட்டமும் வீட்டிலிருந்தே சிகிச்சை என்னும் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டதே. அந்தச் சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது.

இன்றைய நம் வீடுகள்

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. சிகிச்சை எளிதாகிவிட்டது, வெட்கம் மட்டும் எளிதாகக் குறையவில்லை. பங்கு வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது நாம் காண்பது இதுவே. பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுவிடும் என்று மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் ஒளிப்போர் உண்டு. ஒரு நாள் கூலி போய்விடும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்டு, தம் மருந்து வேளையை மறந்துபோகும் தாய்மார் உண்டு.

இத்தகைய வீடுகளுக்கு அந்த 193 பேரின் வரலாறு சொல்வது என்ன? வீடும் சிகிச்சையும் பகைவர் அல்ல. கடமைகளை விட்டு ஓடினால்தான் உடல் தேறும் என்பதும் உண்மையன்று. கடமைகளின் பெயரால் உடலைத் தேயவிடுவது தியாகமும் அன்று. ஒருவர் நோயாளியாகவும் தந்தையாகவும், நோயாளியாகவும் தாயாகவும் ஒரே கூரையின்கீழ் வாழமுடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நோய் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து மாத்திரைகளை எண்ணினார். இன்று அவ்வேலையை, கண்டிப்பின்றியும் கனிவோடும், மனைவியோ மகனோ அண்டைவீட்டாரோ செய்யலாம். காலைக் காப்பியோடு மாத்திரையை எடுத்து நீட்டும் கை, சன்னலைத் திறந்துவைக்கும் கை, மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கை — இவையும் சிகிச்சையின் பகுதியே.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் மருந்து உண்ணும் நம் குடும்பங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிக்கும் ஒருவர் நம் இல்லத்திலோ அண்டை இல்லத்திலோ இருந்தால், அவரை இவ்வாரமே சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். நோயென்று தெரிந்தால் ஆறு மாதமும் உடன் நிற்போம்.