திருச்சுழிப் பகுதிச் சிற்றூர்கள்

திருச்சுழிப் பகுதிச் சிற்றூர்கள் என்பன தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றின் இரு கரைகளை ஒட்டிப் பரந்துள்ள வறண்ட நிலத்து ஊர்களாகும். மழையை மட்டுமே நம்பியிருப்பதால் இப்பகுதி "வானம் பார்த்த பூமி" என அழைக்கப்படுகிறது. இவ்வூர்களின் தெரு, வயல், கோயில், திருவிழா ஆகியவை பெரும்பாலும் மழைநீரைத் தேக்கும் ஏற்பாட்டை ஒட்டியே அமைந்துள்ளன. ஆகவே இங்கு செல்லும் பயணி ஒருவர் நீர் வரும் வழியைப் பின்தொடர்ந்தால் ஊரின் அமைப்பையும் வாழ்க்கையையும் எளிதில் அறிந்து கொள்ளலாம்.

அமைவிடமும் தட்பவெப்பமும்

திருச்சுழி, அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. இப்பகுதி முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985ஆம் ஆண்டு அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட போது புதிய மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. காமராசர் மாவட்டம் எனப் பெயரிடப்பட்ட அது பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மாவட்டத்தின் ஆண்டு மழையளவு சுமார் 800 மி.மீ. ஆகும். இதில் பெரும் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. சில வாரங்களில் பெய்யும் மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டியிருப்பதே இவ்வூர்களின் அடிப்படைச் சிக்கலாகும். கரிசல் மண்ணும் செம்மண்ணும் இங்கு காணப்படுகின்றன. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதன் மீது எழுப்பப்படும் சுவர்கள் எளிதில் வெடிப்பதால் வீடு கட்ட மேட்டு நிலமே விரும்பப்படுகிறது.

பெயர்க் காரணம்

நீர்ச்சுழியிலிருந்து திருச்சுழி என்ற பெயர் வந்ததாகத் தல புராணம் கூறுகிறது. ஊழிக் காலத்தில் பெருகி வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் தம் சூலத்தால் துளையிட்டு நிலத்தினுள் சுழித்துச் செல்லச் செய்தார் என்பது நம்பிக்கை. வறட்சிக்குப் பெயர் பெற்ற ஓர் ஊர் வெள்ளத்தின் கதையால் பெயர் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

நீர் ஏற்பாடு

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் தோன்றும் குண்டாறு, மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மழைக் காலத்தில் மட்டுமே இதில் நீர் ஓடும். ஆற்றிலிருந்தும் மேட்டு நிலங்களிலிருந்தும் வரத்துக்கால்கள் மூலம் வரும் நீர் கண்மாயில் தேக்கப்படுகிறது. கண்மாயின் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

* கரை: நீரைத் தடுக்கும் மண் அணை. பல ஊர்களில் இதுவே நடைபாதையாகவும் பயன்படுகிறது.
* மடை: வயல்களுக்கு நீரைத் திறந்துவிடும் மதகு.
* கலுங்கு: கண்மாய் நிறைந்த பின் மிகுதியான நீர் வழிந்து வெளியேறும் கல் கட்டுமானம். இந்நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்கிறது.
* ஆயக்கட்டு: கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம்.

ஒரு கண்மாயின் உபரி நீர் அடுத்த கண்மாயை நிரப்புவதால் இவை சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. மேலூர்க் கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டால் கீழூருக்கும் நீர் செல்லாது. மடையைத் திறந்து மூடி நீரைப் பங்கிடுபவர் நீர்ப்பாய்ச்சி எனப்படுகிறார்.

குடிநீருக்கென ஊரணி தனியே வெட்டப்பட்டது. குடிநீர் ஊரணியில் கால்நடைகளை இறக்குவதும் துணி துவைப்பதும் வழக்கமாகத் தடை செய்யப்பட்டிருந்தன. குழாய் நீர் வந்த பின் பல ஊரணிகளின் பயன்பாடு குறைந்துவிட்டது.

ஊர் அமைப்பு

ஊரின் நடுவில் அல்லது நுழைவாயிலில் மந்தை எனப்படும் பொது வெளியும், மக்கள் கூடிப் பேசும் சாவடியும் இருக்கும். பழைய வீடுகள் மண் சுவரும், பனைமரச் சட்டங்களும், ஓலை அல்லது நாட்டு ஓட்டுக் கூரையும் கொண்டவை. தெருவைப் பார்த்த திண்ணையில் வழிப்போக்கர் அமர்வது இயல்பாக இருந்தது. தானியங்களைச் சேமிக்கக் குலுக்கை எனப்படும் உயரமான மண் கலன் வீட்டினுள் வைக்கப்பட்டது. ஒரு பருவம் மழை பொய்த்தால் அடுத்த விளைச்சல் வரை குடும்பத்தைக் காத்தது இதுவே. இன்று கான்கிரீட் வீடுகளே மிகுதி.

தெருக்கள் சாதி வாரியாக அமைந்துள்ளன. முற்காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொது ஊரணியும் கிணறும் மறுக்கப்பட்டன. நீரைப் பகிரும் ஏற்பாடு எல்லோரையும் சமமாக நடத்தவில்லை என்பதையும் இவ்வூர்களைக் காண்போர் அறிதல் வேண்டும்.

கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில் இருப்பது பொதுவான வழக்கம். அய்யனார் ஊரையும் கண்மாயையும் காப்பவராகக் கருதப்படுகிறார். அவருக்கு மண் குதிரைகள் செய்து வைக்கும் விழா புரவி எடுப்பு எனப்படும். அம்மன் கோயில் பொங்கல் விழாக்களில் பெண்கள் தானியங்களை முளைக்க வைத்து, முளைப்பாரியாகத் தலையில் சுமந்து சென்று நீர்நிலையில் கரைக்கின்றனர். முளைப்பாரி செழித்து வளர்ந்தால் அவ்வாண்டு விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை.

வேளாண்மையும் உணவும்

கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், மானாவாரி நிலங்களில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியனவும் பயிரிடப்படுகின்றன. அறுவடைக்குப் பின் வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு நிலத்திற்கு உரமிடுவர். கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, கருவாடு, மோர் ஆகியன இங்குள்ள பழைய உணவுகள். கோடையில் பதநீரும் நுங்கும் கிடைக்கும்.

வழிப்பயண வரலாறு

சாலைகள் பாதுகாப்பற்றிருந்த 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் வணிகர்கள் மாட்டுவண்டிகளில் கூட்டமாகச் சென்றனர். நாடார் வணிகர்கள் வண்டிகளும் சரக்குகளும் இரவில் தங்குவதற்காகப் பேட்டைகள் எனும் மதில் சூழ்ந்த இடங்களை அமைத்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் பேட்டைகள் இவற்றில் முக்கியமானவை. வணிகர்கள் தமக்குள் தண்டிய மகமை என்னும் பொதுநிதி இவற்றின் பராமரிப்புக்கும், பின்னர் பள்ளிகள் தொடங்கவும் பயன்பட்டது.

காண வேண்டிய இடங்கள்

திருமேனிநாதர் கோயில், திருச்சுழி: பாண்டிய நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. இதற்குச் சுந்தரர் பதிகம் பாடியுள்ளார். இறைவி துணைமாலையம்மை. சுந்தரர் இங்கு தங்கியிருந்த போது இறைவன் கனவில் இளைஞர் வடிவில் தோன்றித் தம் ஊர் கானப்பேர் (இன்றைய காளையார்கோயில்) எனக் கூறியதாகப் பெரியபுராணம் தெரிவிக்கிறது.

சுந்தர மந்திரம்: ரமண மகரிசி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு. அவரது இயற்பெயர் வேங்கடராமன். தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருடப் பஞ்சம் (1876–78) முடிந்த மறு ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை சுந்தரமையர் இவ்வூரில் வழக்குரைத்து வந்தார். ஊருக்குப் புதிதாக வருவோர் அவர் இல்லத்தில் தங்கி உணவருந்தியதாக ரமணரின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1892இல் தந்தை இறந்த பின் சிறுவன் மதுரையிலுள்ள சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான். அங்கிருந்து 1896இல் திருவண்ணாமலைக்குச் சென்றான். இவ்வீடு இன்று நினைவில்லமாக உள்ளது.

பள்ளிமடம்: திருச்சுழிக்கு அருகில் குண்டாற்றங்கரையில் உள்ள ஊர். இங்குள்ள பழைமையான சிவன் கோயில் பாண்டிய மன்னன் ஒருவனுக்கு எழுப்பப்பட்ட பள்ளிப்படையாகக் கருதப்படுகிறது. இங்கு பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

பிற நாட்டு ஊர்களுடன் ஒப்பீடு

மொரோக்கோவின் அட்லசு மலைகளில் வாழும் பெர்பர் (அமாசிக்) மக்களின் சிற்றூர்களையும் நீர்ப் பற்றாக்குறையே வடிவமைத்துள்ளது. அங்கு மலையோடைகளின் நீர் வாய்க்கால்கள் மூலம் முறை வைத்துப் பங்கிடப்படுகிறது. தானியத்தைப் பாதுகாக்க ஊருக்குப் பொதுவான அகாதிர் எனும் களஞ்சியங்கள் கட்டப்பட்டன. திருச்சுழிப் பகுதியில் தானியம் வீட்டுக்கு வீடு குலுக்கையில் இருந்தது. பொதுவாக இருந்தது கண்மாய் நீரே. அங்கு விருந்தினருக்குப் புதினாத் தேநீர் தருவது போல் இங்கு முதலில் தண்ணீரோ மோரோ தருவர். நீர் அரிதான நாட்டில் அதனைக் கேட்காமலே தருவதே விருந்தோம்பலின் தொடக்கமாகும்.

இன்றைய நிலை

இராமநாதபுரம் சமீன் காலத்தில் கண்மாய்களின் வரத்துக்கால்களையும் மடைகளையும் ஊரார் கூடிச் சீர்செய்யும் குடிமராமத்து முறை இருந்தது. சமீன் ஒழிப்பிற்குப் பின் பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும், 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சென்றன. ஊராரின் பொறுப்பு குறைய, பல கண்மாய்களில் மண் படிந்தது. சீமைக்கருவேல மரம் அடர்ந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் விறகுக்கும் கரிமூட்டத்திற்கும் இம்மரத்தை நம்பி வாழும் குடும்பங்களும் உள்ளன.

விளைச்சல் நிலையில்லாததால் இளைஞர் பலர் சிவகாசி, திருப்பூர், சென்னை ஆகிய இடங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். காவிரியையும் வைகையையும் குண்டாற்றுடன் இணைக்கும் திட்டத்திற்கு 2021 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. புதிய நீர் வந்தாலும் அதனைத் தேக்க இருப்பவை இப்பழைய கண்மாய்களே என்பதால், அவற்றின் பராமரிப்பு இப்பகுதியின் எதிர்காலத்திற்கு இன்றியமையாதது.

பயணிகளுக்கான குறிப்புகள்

* டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஏற்ற காலம். மழை பெய்திருந்தால் கண்மாய்களில் நீரும் பறவைகளும் காணப்படும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும்.
* மதுரையிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் பேருந்துகளில் செல்லலாம். திருச்சுழி தொடருந்து நிலையம் விருதுநகர் – மானாமதுரைப் பாதையில் உள்ளது. சிற்றூர்களில் விடுதிகள் இல்லாததால் அருப்புக்கோட்டையில் தங்குவது வசதியானது.
* மழை பெய்த மறுநாள் கரிசல் வயல்களில் நடப்பது கடினம். கண்மாய்க் கரை வழியே செல்வது நல்லது.
* ஊரணியில் செருப்புடன் இறங்குதல் கூடாது. அய்யனார் கோயில்களில் படம் எடுக்கும் முன் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டல் வேண்டும்.
* ஊரைப் பற்றி அறிய விரும்புவோர் சாவடியில் இருக்கும் பெரியவர்களிடம், கண்மாய் கடைசியாக எந்த ஆண்டு நிறைந்து கலுங்கு பாய்ந்தது எனக் கேட்டால், அவ்வூரின் அண்மைக் கால வரலாற்றைப் பெரும்பாலும் அறிந்து கொள்ளலாம்.